வானிலைச் செயற்கைக்கோள் விண்ணில் நிலைநிறுத்தப்படும் படிநிலைகள்: இன்சாட்-3டிஎஸ்

இன்சாட்-3டிஎஸ் என்பது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் (இஸ்ரோ) உருவாக்கிய வானிலைச் செயற்கைக்கோள் ஆகும். இதற்கான முழுச் செலவையும் இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் ஏற்றது. 2024 பிப்ரவரி 17 அன்று மாலை 5.35 மணிக்கு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்14 ஏவூர்தி மூலம் இது ஏவப்பட்டது. சுமார் 19 நிமிடங்களில் ஏவூர்தியின் வேலை முடிந்து செயற்கைக்கோள் தனியே பிரிந்தது. ஏவுதல் வெற்றி என்ற செய்தியும் அன்று மாலையே வெளியானது. ஆனால் இச்செயற்கைக்கோள் பூமியை முதன்முதலாகப் படம் எடுத்தது மார்ச் 7 அன்றுதான்.

ஏவூர்திக்கு 19 நிமிடம். அதன் பிறகு செயற்கைக்கோளுக்கு 19 நாட்கள். இந்த இரண்டாவது பகுதியைப் பற்றிப் பாடநூல்களும் செய்திகளும் அதிகம் பேசுவதில்லை. ஒரு வானிலைச் செயற்கைக்கோள் தன் இடத்தை அடைந்து வேலையைத் தொடங்கும் வரை கடக்க வேண்டிய எல்லாப் படிகளையும், இன்சாட்-3டிஎஸ்ஸை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ஏன் 36,000 கி.மீ. உயரம்?

பூமிக்கு மேலே சில நூறு கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடும். ஓர் ஊரின் மேல் அது நிற்பது சில நிமிடங்களே. வங்கக் கடலில் உருவாகும் புயலை இரவும் பகலும் விடாமல் கவனிக்க அது போதாது. கவனிக்க வேண்டிய பகுதிக்கு நேர் மேலே, அசையாமல் நிற்பது போன்ற ஒரு செயற்கைக்கோள் வேண்டும்.

அதற்கு ஒரே வழி, பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் அதே நேரத்தில், அதே திசையில் செயற்கைக்கோளும் பூமியைச் சுற்றுவதுதான். அந்த உயரம் எவ்வளவு என்பதைப் பள்ளி மாணவர்களே கணக்கிடலாம். சுற்றும் காலத்தின் வர்க்கம் தொலைவின் கனத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது கெப்ளரின் மூன்றாம் விதி. நிலா பூமியைச் சுற்ற ஏறத்தாழ 27 நாட்கள் ஆகின்றன. நமக்கு வேண்டியது 1 நாள். 27-இன் வர்க்கம் 729. 9-இன் கனமும் 729. ஆகவே செயற்கைக்கோள், நிலா இருக்கும் தொலைவில் 9-இல் ஒரு பங்குத் தொலைவில் இருக்க வேண்டும். நிலாவின் தொலைவு சுமார் 3,84,000 கி.மீ. அதை 9-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42,700 கி.மீ. இது பூமியின் மையத்திலிருந்து உள்ள தொலைவு. பூமியின் ஆரமான 6,400 கி.மீ.யைக் கழித்தால் சுமார் 36,300 கி.மீ. வருகிறது. துல்லியமான விடை 35,786 கி.மீ.

நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இந்த உயரத்தில் அமைந்த வட்டப்பாதைக்குப் புவிநிலைச் சுற்றுப்பாதை என்று பெயர். அங்கே செயற்கைக்கோளின் வேகம் நொடிக்குச் சுமார் 3.07 கி.மீ. இருக்க வேண்டும். இந்த உயரம், இந்த வேகம், நிலநடுக்கோட்டுத் தளம் ஆகிய மூன்றையும் அடைவதற்காகவே பின்வரும் எல்லாப் படிகளும்.

படி 1: உருவாக்கமும் சோதனையும்

செயற்கைக்கோளின் உடல் பெங்களூரிலுள்ள யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் இணைக்கப்பட்டது. அதன் புறப்பாட்டு எடை 2,274 கிலோ. அதில் நான்கு முக்கியக் கருவிகள் உள்ளன.

1. படமெடுக்கும் கருவி: 6 அலைவரிசைகளில் மேகங்களையும் கடல், நிலப் பரப்புகளையும் படமெடுக்கும். அகச்சிவப்புக் கதிர்களையும் உணர்வதால் இரவிலும் வேலை செய்யும்.
2. வளிமண்டல அளவீட்டுக் கருவி: 19 அலைவரிசைகளைக் கொண்டு, வெவ்வேறு உயரங்களில் காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கணிக்க உதவும்.
3. தரவு அஞ்சல் கருவி: தொலைதூரத் தானியங்கி வானிலை நிலையங்களும் கடல் மிதவைகளும் அனுப்பும் அளவுகளை வாங்கித் தரை நிலையத்துக்கு அனுப்பும்.
4. தேடல், மீட்புக் கருவி: ஆபத்தில் சிக்கிய கப்பல், படகு, விமானம் ஆகியவற்றின் அபாயச் சைகைகளை மீட்புக் குழுவினருக்குக் கடத்தும்.

விண்ணில் பழுது பார்க்க ஆள் அனுப்ப முடியாது. எனவே வெற்றிடம், கடும் வெப்பம், கடும் குளிர், ஏவுதலின் அதிர்வு, பேரொலி எல்லாவற்றையும் தரையிலேயே செயற்கையாக உண்டாக்கிச் செயற்கைக்கோள் தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். இதில் தேறிய பிறகே அது ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் புறப்படும்.

படி 2: ஏவூர்தியை அடுக்குதலும் இறங்கு எண்ணிக்கையும்

ஸ்ரீஹரிகோட்டா, சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே உள்ள தீவு. ஏவுதளத்துக்கு இந்த இடம் ஏற்றதாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கிழக்கே கடல் இருப்பதால், கழன்று விழும் பகுதிகள் ஊர்களின் மேல் விழாது. மேலும் பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், கிழக்கு நோக்கி ஏவப்படும் ஏவூர்திக்கு நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகம் இலவசமாகக் கிடைக்கிறது.

ஜிஎஸ்எல்வி ஏவூர்தியின் உயரம் சுமார் 52 மீட்டர். எரிபொருளுடன் எடை சுமார் 420 டன். இந்த 420 டன்னில் மேலே போய்ச் சேர வேண்டிய செயற்கைக்கோள் இரண்டேகால் டன் மட்டுமே. மீதியில் பெரும்பகுதி எரிபொருள்.

ஜிஎஸ்எல்வி-எஃப்14-க்கு இறங்கு எண்ணிக்கை பிப்ரவரி 16 பிற்பகல் 2.05 மணிக்குத் தொடங்கி, இருபத்தேழரை மணி நேரம் நடந்தது. திரவ எரிபொருள்களை நிரப்புவது, வால்வுகளைச் சோதிப்பது, கணினிகளுக்குக் கட்டளைகளை ஏற்றுவது ஆகியவை இந்த நேரத்தில் நடக்கும். சந்தேகம் வந்தால் எண்ணிக்கையை நிறுத்துவார்கள். 2016 செப்டம்பர் 8 அன்று இன்சாட்-3டிஆர் ஏவப்பட்டபோது, கடுங்குளிர் எரிபொருள் நிரப்பும் பணியில் ஏற்பட்ட சிக்கலால் ஏவுதல் 40 நிமிடம் தள்ளிப்போனது.

படி 3: முதல் அடுக்கு

ஜிஎஸ்எல்வியின் அடிப்பகுதியில் நடுவே 139 டன் திண்ம எரிபொருள் கொண்ட பெரிய உந்தியும், அதைச் சுற்றி ஒவ்வொன்றும் சுமார் 40 டன் திரவ எரிபொருள் கொண்ட நான்கு பக்க உந்திகளும் இருக்கின்றன. இவற்றைப் பற்றவைக்கும் வரிசை கவனிக்கத்தக்கது. பக்க உந்திகள் நான்கும் முதலில் எரியத் தொடங்கும். 4.8 நொடிகள் கழித்தே நடு உந்தி பற்றவைக்கப்படும்.

காரணம் எளிது. திரவ எந்திரத்தைக் குழாயை மூடுவது போல நிறுத்திவிடலாம். திண்ம எரிபொருள் தீபாவளி வாணத்தைப் போன்றது; பற்றிக்கொண்டால் முழுவதும் எரிந்தே தீரும். ஆகவே நிறுத்தக்கூடியவற்றை முதலில் ஓட்டிப் பார்த்து, நான்கும் சரி என்று கணினி உறுதி செய்த பின்னரே நிறுத்த முடியாததைப் பற்றவைக்கிறார்கள். இந்த ஏற்பாடு ஜிஎஸ்எல்வியின் முதல் முயற்சியிலேயே பயன்பட்டது. 2001 மார்ச் 28 அன்று ஒரு பக்க உந்தி போதிய உந்துவிசையைத் தரவில்லை. புறப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு நொடி இருக்கும்போது கணினி எல்லாவற்றையும் நிறுத்தியது. ஏவூர்தி தப்பியது, சீர் செய்து ஏப்ரல் 18 அன்று அதையே ஏவினார்கள்.

நடு உந்தி இரண்டு நிமிடத்துக்குள் எரிந்து தீர்ந்துவிடும். பக்க உந்திகள் சுமார் இரண்டரை நிமிடம் வரை எரியும். பிறகு ஐந்தும் ஒன்றாகக் கழன்று கடலில் விழும்.

படி 4: இரண்டாம் அடுக்கும் வெப்பக் கவசமும்

இரண்டாம் அடுக்கில் 40 டன் அளவு திரவ எரிபொருளும் ஒரு விகாஸ் எந்திரமும் உள்ளன. இதன் எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் ஒன்றோடொன்று தொட்டாலே தீப்பற்றும் வகை. தனியாகத் தீப்பொறி தேவையில்லை. விகாஸ் எந்திரங்கள் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் சோதிக்கப்படுகின்றன.

இந்த அடுக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, சுமார் 115 கி.மீ. உயரத்தில், செயற்கைக்கோளை மூடியிருந்த வெப்பக் கவசம் இரண்டாகப் பிளந்து விழும். காற்றின் உராய்விலிருந்து காப்பதே அதன் வேலை. காற்று இல்லாத உயரத்தில் அது வீண் சுமை. இரண்டாம் அடுக்கு ஏறத்தாழ ஐந்தாவது நிமிடத்தில் பிரிகிறது.

படி 5: கடுங்குளிர் மூன்றாம் அடுக்கு

மூன்றாம் அடுக்கு திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கிறது. ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி செல்சியஸிலும், ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் திரவமாக இருக்கும். ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜனின் எடை சுமார் 70 கிராம்தான். இவ்வளவு சிரமப்பட்டு இதைப் பயன்படுத்தக் காரணம், ஒரு கிலோ எரிபொருளுக்குக் கிடைக்கும் உந்துதல் மற்ற எரிபொருள்களைவிட இதில் அதிகம் என்பதே. ஒரு கிலோ மிச்சமானாலும் அது செயற்கைக்கோளுக்குக் கிடைக்கும் எடை.

இந்தத் தொழில்நுட்பத்தை ரஷ்யாவிடமிருந்து பெற இந்தியா ஒப்பந்தம் செய்திருந்தது. அமெரிக்காவின் எதிர்ப்பால் எந்திரங்கள் மட்டும் வந்தன, தொழில்நுட்பம் வரவில்லை. இந்தியாவே உருவாக்கிய கடுங்குளிர் அடுக்கு 2010 ஏப்ரலில் முதல் முயற்சியில் தோற்றது. 2014 ஜனவரி 5 அன்று வென்றது. மகேந்திரகிரியின் சோதனை மேடைகள் இதில் பெரும் பங்கு வகித்தன.

அதன் பிறகும் ஆபத்து தீர்ந்துவிடவில்லை. 2021 ஆகஸ்ட் 12 அன்று இஓஎஸ்-03 என்ற புவி நோக்குச் செயற்கைக்கோளுடன் ஜிஎஸ்எல்வி-எஃப்10 புறப்பட்டது. முதல் இரண்டு அடுக்குகளும் சரியாக வேலை செய்தன. மூன்றாம் அடுக்கு எரியவில்லை. ஹைட்ரஜன் தொட்டியின் ஒரு வால்வில் ஏற்பட்ட கசிவால் தொட்டியின் அழுத்தம் குறைந்து, எந்திரத்தால் தொடங்க முடியாமல் போனது என்று ஆய்வில் தெரியவந்தது. பல ஆண்டு உழைப்பில் உருவான செயற்கைக்கோள் ஒரு வால்வால் இழக்கப்பட்டது. இன்சாட்-3டிஎஸ் புறப்பட்டபோது, ஐந்தாவது நிமிடத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததற்கு இதுவே காரணம். இம்முறை எந்திரம் எரிந்தது; ஏறத்தாழ 13 நிமிடம் தொடர்ந்து எரிந்தது.

படி 6: மாற்றுச் சுற்றுப்பாதை

ஏவூர்தி செயற்கைக்கோளை விட்ட இடம் 36,000 கி.மீ. உயரத்தில் இல்லை. விட்டுச் சென்றது ஒரு நீள்வட்டப் பாதையில். அதன் பூமிக்கு மிக அருகிலுள்ள முனை சுமார் 170 கி.மீ. உயரத்திலும், தொலைவிலுள்ள முனை 36,000 கி.மீ.யைச் சற்றுத் தாண்டியும் இருந்தன. முன்னதை அண்மைப்புள்ளி என்றும், பின்னதைச் சேய்மைப்புள்ளி என்றும் அழைப்பர். இந்தப் பாதைக்குப் புவிநிலை மாற்றுச் சுற்றுப்பாதை என்று பெயர். இதை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ பத்தே முக்கால் மணி நேரம் ஆகும்.

மேல்நோக்கி எறிந்த கல் உயரே போகப் போக வேகம் குறைவது போலவே இங்கும் நடக்கிறது. அண்மைப்புள்ளியில் நொடிக்கு 10 கி.மீ.க்கு மேல் இருந்த வேகம், சேய்மைப்புள்ளியில் சுமார் 1.6 கி.மீ. ஆகிவிடும். அங்கே நிலைத்து நிற்க வேண்டிய வேகம் 3.07 கி.மீ. குறைவை ஈடு செய்யாவிட்டால் செயற்கைக்கோள் மீண்டும் கீழே இறங்கி, அதே நீள்வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13.7 டிகிரியில் இருப்பதால், பாதையும் நிலநடுக்கோட்டுத் தளத்துக்குச் சாய்வாகவே அமையும். இந்தச் சாய்வையும் நேராக்க வேண்டும். இன்சாட்-3டி 2013-இல் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகிலுள்ள பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஏவப்பட்டதால், அதற்கு இந்தத் திருத்தம் குறைவாகவே தேவைப்பட்டது.

படி 7: செயற்கைக்கோளின் சொந்தப் பயணம்

பிரிந்த உடனே கட்டுப்பாடு கர்நாடகத்தின் ஹாசனிலுள்ள தலைமைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சென்றுவிடும். குறைபட்ட வேகத்தைத் தருவது செயற்கைக்கோளுக்குள்ளேயே இருக்கும் சிறிய திரவ எந்திரம். அதன் உந்துவிசை 440 நியூட்டன். தரையில் அது சுமார் 45 கிலோ எடையைத் தாங்கும் விசைதான். இரண்டேகால் டன் பொருளை இதைக்கொண்டு தள்ளினால், வேகம் ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 20 செ.மீ. அளவுகூடக் கூடாது.

எனவே எந்திரம் நீண்ட நேரம் எரிய வேண்டும். அதுவும் செயற்கைக்கோள் சேய்மைப்புள்ளிக்கு வரும்போது மட்டுமே எரிக்க வேண்டும். அங்கே தள்ளினால்தான் எதிர்முனையான அண்மைப்புள்ளி மேலே உயரும். ஒரே வீச்சில் முடிக்காமல், ஒருமுறை எரித்து, பாதையை அளந்து, பிழையைத் திருத்தி, அடுத்த முறை எரிக்கிறார்கள். இன்சாட்-3டிஎஸ்ஸுக்கு இவ்வாறு நான்கு முறை எரித்தார்கள். பிப்ரவரி 22-க்குள் நான்கும் முடிந்து, செயற்கைக்கோள் பூமியின் சுழற்சியோடு ஒத்த பாதைக்கு வந்தது. அதன் பிறகு சோதனைக்கான தீர்க்கரேகையை நோக்கி மெல்ல நகர்த்தப்பட்டது.

இதற்குத் தேவைப்படும் எரிபொருள் கொஞ்சமல்ல. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்சாட்-3டிஆரின் புறப்பாட்டு எடையான 2,211 கிலோவில் பாதிக்கும் மேல் எரிபொருளே. இந்தப் பயணத்தில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு கிலோவும், பின்னாளில் செயற்கைக்கோளை அதன் இடத்தில் பிடித்து வைக்கப் பயன்பட்டு, ஆயுளைக் கூட்டும்.

படி 8: கண் திறத்தல்

இந்தச் செயற்கைக்கோளின் சூரியத் தகடு ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அகச்சிவப்பு உணரிகள் மிகவும் குளிர்ந்த நிலையில்தான் சரியாக வேலை செய்யும். அவற்றின் வெப்பத்தைக் குளிர்ந்த விண்வெளிக்கு வெளியேற்றும் பக்கத்தில் தகடு இருந்தால், அதன் வெப்பம் இடையூறாகும். அதனால் அந்தப் பக்கத்தைத் திறந்தவெளியாக விட்டிருக்கிறார்கள்.

கருவிகள் ஒவ்வொன்றாக இயக்கிச் சோதிக்கப்பட்டு, 2024 மார்ச் 7 அன்று முதல் படங்கள் எடுக்கப்பட்டன. வானிலை ஆய்வாளருக்கு ஏவுதல் முடிவது இந்த நாளில்தான்.

கால வரிசை

பிப்ரவரி 16: இறங்கு எண்ணிக்கை தொடக்கம்
பிப்ரவரி 17, மாலை 5.35: ஏவுதல், சுமார் 19 நிமிடத்தில் பிரிவு
பிப்ரவரி 22-க்குள்: நான்கு எரிப்புகளும் நிறைவு
மார்ச் 7: முதல் படங்கள்

பயன்

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலும் அதில் அடித்துச் செல்லப்பட்டது. புயலை மேலிருந்து கவனிக்க அன்று இந்தியாவிடம் செயற்கைக்கோள் இல்லை. 2013 அக்டோபரில் பைலின் புயல் ஒடிசாவைத் தாக்கியபோது, முன்னெச்சரிக்கையின் பேரில் பல லட்சம் பேர் வெளியேற்றப்பட்டு, உயிரிழப்பு பெரிதும் குறைந்தது. இதற்குச் செயற்கைக்கோள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ரேடார்கள், கணினிக் கணிப்புகள், புயல் காப்பகங்கள், மக்களை அழைத்துச் சென்ற பணியாளர்கள் எல்லாரும் காரணம். ஆனால் நடுக்கடலில் புயல் உருவாவதை முதலில் காட்டுவது செயற்கைக்கோளே.

கடலில்லாத கொங்கு நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கோவைப் பகுதிக்கு அதிக மழை தருவது வடகிழக்குப் பருவமழை. அந்த மழை வங்கக் கடலில் உருவாகும் தாழ்வுநிலைகளைச் சார்ந்தது. ஈரோட்டில் வேகவைத்த மஞ்சளைக் களத்தில் காயப் போட்டிருப்பவருக்கும், பொள்ளாச்சியில் கொப்பரை உலர்த்துபவருக்கும் இரண்டு நாள் முன்பே மழை தெரிந்தால் சரக்கு தப்பும். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம், வானிலைக் கணிப்பை ஒட்டி உழவர்களுக்குப் பரிந்துரைகள் வழங்குகிறது. பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்து, சந்திரயான்-1 திட்ட இயக்குநரான மயில்சாமி அண்ணாதுரை, இன்சாட் செயற்கைக்கோள் பணிகளிலும் பங்காற்றியவர்.

படங்களை மாணவர்கள் காண

இன்சாட் படங்களை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். படத்தில் உலக நேரம் குறிக்கப்பட்டிருந்தால், அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் இந்திய நேரம் கிடைக்கும். படமெடுக்கும் கருவியின் கண்ணாடி பூமியை வரிவரியாகத் துழாவுவதால், முழுப் பூமியையும் எடுக்கச் சுமார் 26 நிமிடம் ஆகும். அடுத்தடுத்த நான்கைந்து படங்களை வரிசையாகப் பார்த்தால் மேகக் கூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்பது தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலை இவ்வாறு தினமும் கவனித்துக் குறிப்பெடுப்பது, வடகிழக்குப் பருவமழையைப் புரிந்துகொள்ள நல்ல பயிற்சி.